எட்டாவது குழாய்

மங்கோச்சி மருத்துவமனைச் சுவர்க்கடிகாரம்
நான்கு நிமிடம் முந்தி ஓடும்.
அதை நம்பாமல் என் கைக்கடிகாரம் பார்த்தே
எஸ்னார்ட்டின் இரத்தம் எடுக்கிறேன்.

மாத்திரையை விழுங்குமுன் ஒரு குழாய்.
விழுங்கியது காலை ஏழு பத்து.
பிறகு ஒரு மணி நேரத்தில், இரண்டில், நான்கில்,
ஆறில், எட்டில், பன்னிரண்டில்.
மறுநாள் அதே ஏழு பத்துக்கு எட்டாவது.
"மீன் ஏலத்தில்கூட
இத்தனை தடவை எண்ண மாட்டார்கள்" என்கிறாள்.

முப்பத்து நான்காம் வாரம்.
பாதம் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை.
செருப்பு கட்டிலுக்கடியில்,
ஒன்று நிமிர்ந்து, ஒன்று கவிழ்ந்து.
ஏரிக்கரைப் பரண்களில் காயும் உசிப்பா மீனை
இன்று யார் புரட்டிப்போடுவார்கள் என்பதே அவள் கவலை.
"இந்த இரத்தத்தையெல்லாம் என்ன செய்வீர்கள்?"
ஐஸ் பெட்டியில் பிளான்டையர் போகும் என்கிறேன்.
"நான் இதுவரை போனதில்லை" என்கிறாள்.

தாள் வந்தபோது
பிள்ளை பிறந்து ஐந்து மாதம்.
கோடு ஏறி, வளைந்து, இறங்கியிருந்தது.
அதற்கு மேலே இன்னொரு கோடு,
பேறு முடிந்த பிறகு எடுத்தது,
அதே பெண், அதே மாத்திரை.
சுமந்திருந்த நாளின் கோடு
அதன் நிழல்போல் கீழே கிடந்தது.

ஒரு பிடி உப்புதான்.
பானையில் தண்ணீர்தான் ஒன்றரை மடங்கு.
போதாததற்கு ஈரல்,
விருந்து வருமுன் வீடு கூட்டுகிறவளைப் போல
கையில் அகப்பட்டதையெல்லாம்
வாரி வெளியே கொட்டுகிறது,
வேண்டியது எது என்று பாராமல்.

எஸ்னார்ட்டுக்குக் கொட்டியது போக மிச்சம் போதுமாயிருந்தது.
வைரஸ் தலை தூக்கவில்லை.
எல்லா மருந்துக்கும் அந்த மிச்சம் இருப்பதில்லை.

அவள் மகன் லொஞ்சேசோ வேறு ஆள்.
கொடி வழியே வந்த தாயின் மருந்தை
மூன்றாம் நாளும் விடாமல் வைத்திருந்தான்.
குதிகாலில் குத்தி எடுத்த துளிகள் சொல்லின.
கழித்துவிடுவது எப்படி என்று
அந்தச் சின்ன ஈரலுக்கு இன்னும் தெரியாது.
கண்ணின் வெள்ளையில் ஒரு மஞ்சள்:
திறக்காத அதே வாசலில்
காத்து நின்ற இன்னொரு கூட்டம்.
பிறகு ஒருநாள் வாசல் திறக்கும்.
யாரும் கற்றுத்தராமல்,
வாரத்துக்கு வாரம் வேகம் பிடித்து.
அதனால்தான் அவனுக்குரிய சிரப்பை
எடை பார்த்து, வயது பார்த்து,
மறுபடி மறுபடி கணக்குப் போடுகிறோம்.
நேற்றைய அளவு இன்றைய பிள்ளைக்கு இல்லை.

இதையெல்லாம் சிச்சேவா மொழியில் சொல்லி முடித்தேன்.
எஸ்னார்ட் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.
"ஆக, நான் வீசியதை இவன் பிடித்து வைத்திருக்கிறான்."
பிறகு அவன் மூக்கைத் தட்டி,
"கஞ்சன். அப்படியே அப்பன்" என்றாள்.
சிரித்தோம்.
அவன் முலையை விடவில்லை.

இரவுப் பணியில் மறுபடி அந்தத் தாளை எடுத்தேன்.
ஒன்பது வருடத்துக்கு முன்
இதே அறையில், இதே மேசைக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் மொடெஸ்டா. எட்டாம் மாதம்.
அவளுடைய எண்ணிக்கை ஏறியிருந்தது.
அப்போது வேறு மருந்து.
"ஒரு வேளையும் தவறவில்லை, சிஸ்டர்"
மூன்று தடவை சொன்னாள்.
நான் மாத்திரைப் புட்டியைக் கவிழ்த்து
அவள் கண்முன்னே எண்ணினேன்.
எண்ணிக்கை சரியாக இருந்தது.
"மிச்சத்தைக் குப்பையில் போட்டிருப்பாய்" என்றேன்.

உண்மையில் தவறவிட்டிருக்கலாம்.
விடாமலும் இருந்திருக்கலாம்.
அன்று ஒரு குழாயும் யாரும் எடுக்கவில்லை.
எழுந்து போகும்போது
அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

பழைய பதிவேட்டில் அவள் எண் இருக்கிறது.
கடைசி இலக்கம் ஒன்றா, ஏழா தெரியவில்லை.
என் கையெழுத்துதான்.
விடியட்டும்.
இரண்டையும் அழைத்துப் பார்க்கிறேன்.